பழைய நண்பர்களைப் பார்க்க ஜப்பானுக்கு: எந்த மாதம், எந்த ஊர், யார் வீடு?

2007 முதல் 2013 வரை டோக்கியோவில் வேலை பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்குத் திரும்பிவிட்ட எங்கள் குடும்பம், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு 12 நாள் பயணமாக மீண்டும் அங்கே போக முடிவு செய்திருக்கிறது. நானும் மனைவியும், 13 வயது மகனும், 8 வயது மகளும், 70 வயதான அம்மாவும் என ஐந்து பேர் கிளம்புகிறோம். ஊர் சுற்றிப் பார்ப்பது இந்தப் பயணத்தில் இரண்டாம்பட்சம். 2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2.46 மணிக்கு நிலநடுக்கம் வந்து டோக்கியோவின் ரயில்கள் எல்லாம் நின்றுபோன அந்த மாலையில், நகர மையத்தில் ஓதெமாச்சியில் இருந்த அலுவலகத்திலிருந்து நகரின் கிழக்கே நிஷி-கசாயில் இருந்த எங்கள் குடியிருப்புவரை, சுமிதா ஆற்றையும் அரகாவா ஆற்றையும் பாலங்களில் கடந்து என்னோடு நடந்தே வந்தவர் அலுவலகத்து மூத்தவர் ஒருவர். அவர் கோபே நகரத்துக்காரர். 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தின்போது அந்த ஊரிலேயே இருந்தவர். கண்ணாடிக் கட்டடங்களின் ஓரமாக நடக்காதே, ஓடாதே, தண்ணீர் கிடைக்கும் இடத்தில் குடித்துக்கொள் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். அதே வேளையில், ஒன்பதாவது மாடியில் தனியாக இருந்த என் மனைவியைப் படிக்கட்டு வழியாக இறக்கி அழைத்துப் போய் அன்றிரவு தம் வீட்டில் வைத்துக்கொண்டவர்கள், பக்கத்துக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் குடியிருந்த ஒரு திருநெல்வேலிக் குடும்பத்தார். நாங்கள் அண்ணன், அண்ணி என்று அழைக்கும் அவர்கள் இன்றும் நிஷி-கசாயில்தான் இருக்கிறார்கள். மூத்தவர் ஓய்வு பெற்றுக் கோபேக்குத் திரும்பிவிட்டார். இந்த இரண்டு குடும்பங்களையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் விருப்பம்.

ஆகவே, வழக்கமான பயணத் திட்டங்களை எடுத்துக்கொண்டு அவற்றின் நடுவே நண்பர்களுக்கு ஒரு மாலையை ஒதுக்குவதா, நண்பர்களுக்கு எந்த நாள் தோதுப்படும் என்பதை முதலில் கேட்டு, மிச்சமிருக்கும் நாட்களில் ஊர் பார்ப்பதா என்ற கேள்வியே எங்களுக்கு முதலில் எழுந்தது. இரண்டாவதைத்தான் தேர்ந்தோம். அந்த ஒரு முடிவு எடுத்ததும், பருவம், வழி, தங்குமிடம் ஆகிய எல்லாவற்றையும் அளக்க ஒரே அளவுகோல் கிடைத்துவிட்டது: எந்த ஏற்பாட்டில் அவர்களோடு அவசரமில்லாமல் உட்கார்ந்திருக்கும் நேரம் கூடுகிறதோ, அதுவே நல்லது.

பருவத்தைப் பற்றித்தான் நாங்கள் அதிக நாள் பேசினோம். ஜப்பான் என்றதும் எல்லோரும் சொல்வது மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் டோக்கியோவில் பூக்கும் செர்ரி மரங்களைத்தான். மரத்தடியில் விரிப்பை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசும் ஹனாமி, நண்பர்கள் கூடுவதற்கென்றே ஏற்பட்ட வழக்கம் என்பதால், எங்கள் நோக்கத்துக்கு அது மிகவும் பொருந்துவதாக முதலில் தோன்றியது. ஆனால் ஜப்பானில் நிதியாண்டும் கல்வியாண்டும் ஏப்ரலில் தொடங்குகின்றன. இடமாற்றம், புதியவர்கள் சேர்க்கை, பள்ளி நுழைவு விழா, வீடு மாற்றம் எல்லாம் அந்த மூன்று வாரங்களுக்குள் வந்து குவியும். அங்கே ஆறு மார்ச் மாதங்களைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அலுவலகத்தில் இருப்பவரிடம் அப்போது நிதானமாக ஒரு மதியத்தைக் கேட்பது அவரைச் சங்கடத்தில் தள்ளுவதாகும். பூ மலரும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் பல மாதங்கள் முன்கூட்டியே சீட்டு எடுப்பவர் அதை உறுதியாகக் கணிக்கவும் முடியாது, விடுதிக் கட்டணமோ ஆண்டிலேயே உச்சத்தில் இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கும் அது தேர்வுக் காலம்.

ஏப்ரல் 29இல் தொடங்கி மே 5 குழந்தைகள் தினத்தோடு முடியும் கோல்டன் வீக், காகிதத்தில் பார்த்தால் மிகப் பொருத்தமானது. நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, அவர்களுக்கும் தொடர் விடுமுறை, வெயிலும் இதமானது. இருந்தும் அதை விட்டோம். நாடு முழுவதும் ஒரே வாரத்தில் கிளம்புவதால் ரயிலில் இடம் கிடைப்பது அரிது. ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில்களில் மிக விரைவானவையான நொசோமி ரயில்கள் அந்த நாட்களில் முழுக்க முன்பதிவு இருக்கைகளாகவே ஓடுகின்றன. அதைவிட முக்கியமானது, அந்த விடுமுறையில் அவர்களும் தங்கள் பெற்றோரைப் பார்க்கப் போக வேண்டியவர்கள் என்பது. ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபொன் நாட்களுக்கும் இதுவே பொருந்தும். முன்னோர் கல்லறைக்குப் போகும் அந்த நாட்களில் ஒரு ஜப்பானியக் குடும்பத்தின் நேரத்தைக் கேட்கக் கூடாது. மேலும் ஆகஸ்டின் புழுக்கம் அம்மாவுக்குத் தாங்காது, புயல் வந்தால் விமானமும் நிற்கும். நவம்பர் கடைசியில் கியோட்டோ சிவக்கும் அழகை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாவிட்டால் அதைத்தான் தேர்ந்திருப்பேன்.

எஞ்சியது மே மாதத்தின் நடுப்பகுதி. கோல்டன் வீக் கூட்டம் கலைந்திருக்கும், ஜூனில் தொடங்கும் மழைக்காலமான ட்சுயு இன்னும் வந்திருக்காது, நம் பள்ளிகள் ஜூனில்தான் திறக்கும். கியோட்டோவிலும் நராவிலும் சீருடையணிந்த பள்ளிச் சுற்றுலா மாணவர்கள் நிறைய வருவார்கள் என்பது ஒரு குறை, ஆனால் பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாகவும் இருக்கும். பெரிய குறை ஒன்றுதான்: நண்பர்களுக்கு விடுமுறை இல்லை, வார இறுதி மட்டுமே கிடைக்கும். எனவே 12 நாட்களுக்குள் இரண்டு முழு வார இறுதிகள் அடங்க வேண்டும். சனிக்கிழமை இறங்கினாலும் இரண்டு வார இறுதிகள் கிடைக்கும். ஆனால் இரவு விமானத்தில் வந்த களைப்போடு அம்மாவை அன்றே ஒரு விருந்தில் உட்கார வைக்க வேண்டியிருக்கும். வியாழக்கிழமை இறங்கினால் வெள்ளி முழுவதும் ஓய்வு, சனி ஞாயிறு ஒரு குடும்பத்தோடு, நடுவே ஐந்து நாள் எங்களுக்கு, அடுத்த சனி ஞாயிறு இரண்டாவது குடும்பத்தோடு, திங்களன்று திரும்புதல் என்று கணக்கு அழகாக அமைகிறது. கோபேயில் உள்ளவர் ஓய்வு பெற்றவர்தானே, அவரை வார நாளில் பார்த்துவிட்டு இரண்டு வார இறுதிகளையும் டோக்கியோவுக்கே வைத்துக்கொள்ளலாமே என்றும் யோசித்தோம். ஒசாகாவில் இருக்கும் அவருடைய மகள், குழந்தைகளோடு வார இறுதியில்தான் பெற்றோர் வீட்டுக்கு வர முடியும், எங்களைப் பார்க்க அவரும் ஆசைப்படுகிறார் என்று தெரிந்ததும் அந்த யோசனையைக் கைவிட்டோம். அம்மாவை மூன்று முறை இடம் மாற்றவும் மனம் வரவில்லை.

விமானத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூரிலிருந்து டோக்கியோவின் நரித்தா விமான நிலையத்துக்கு நேரடி விமானம் உண்டு. ஆனால் டோக்கியோவில் இறங்கி ஒசாகா வளைகுடாவில் உள்ள கான்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புவதே, அல்லது அதை மாற்றிச் செய்வதே, எங்கள் வழிக்கு ஏற்றது என்பதால், கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் போய் அங்கே மாறுவதைத் தேர்ந்தோம். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு அரை மணி நேரம் என்பது வயதானவரோடு பயணம் செய்யும்போது சிறிய சலுகை அல்ல.

ஜப்பானுக்குள் பயணம் செய்ய ரயில் பாஸ் வாங்குவதா, தனித்தனிச் சீட்டு எடுப்பதா என்பதில் பழைய நினைவை வைத்து முடிவு செய்திருந்தால் ஏமாந்திருப்போம். நாங்கள் அங்கிருந்த காலத்தில், ஊரிலிருந்து வரும் உறவினர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு, ஜப்பான் ரயில்வேயின் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு எத்தனை முறையும் போய்வர உதவும் ஜேஆர் பாஸை வாங்கச் சொல்வோம். 2023 அக்டோபருக்கு முன்பு ஏழு நாள் பாஸ் 29,650 யென். டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு ஷின்கான்சென்னில் போய்த் திரும்பும் செலவும் ஏறத்தாழ அவ்வளவே என்பதால், அதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு பயணமும் லாபமாக இருந்தது. அந்த மாதத்தில் அதே பாஸ் 50,000 யென்னாக உயர்ந்தது. 6 முதல் 11 வயதுவரை பாதிக் கட்டணம். 13 வயது மகன் பெரியவர் கணக்கில் வருவான். எனவே அந்த விலையில் எங்களுக்கு நான்கரைப் பேர் கணக்கில் 2,25,000 யென் ஆகும். மாறாக, டோக்கியோவிலிருந்து கோபேயின் ஷின்கான்சென் நிலையமான ஷின்-கோபேக்கு நொசோமியில் ஒருவழிப் பயணமாக முன்பதிவு இருக்கையில் போக ஒருவருக்கு 15,000 யென்னை ஒட்டித்தான் ஆகும், ஐந்து பேருக்கும் சேர்த்து 70,000 யென் அளவில் முடிந்துவிடும். நடுவில் ஹிரோஷிமாவுக்கு ஒரு நாள் போய் வந்தாலும் மொத்தச் செலவு பாஸின் விலையைத் தொடாது. நண்பர்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரே ஊரில் பல நாள் தங்குவார்கள் என்பதால், தினமும் ஊர் மாறுபவர்களுக்கான பாஸ் அவர்களுக்கு ஒத்துவருவதே இல்லை. நகரத்துக்குள் சுற்ற, முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளும் சுய்கா போன்ற அட்டை போதும்.

இரவுப் பேருந்து மலிவுதான், ஆனால் எட்டு மணி நேரம் உட்கார்ந்தே தூங்குவதை அம்மாவிடம் கேட்க முடியாது. பெட்டிகளைப் பொறுத்தவரை, நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஷின்கான்சென்னில் அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2020இல் வந்துவிட்டது. பெரிய பெட்டிகளை முந்தைய நாளே தக்யூபின் எனப்படும் வீட்டுக்கு வீடு அனுப்பும் சேவையில் கோபே விடுதிக்கு அனுப்பிவிட்டு, தோள்பையோடு ரயில் ஏறுவதே நல்லது. மேற்கு நோக்கிப் போகும்போது வலப்பக்கத்து இருக்கைகளைக் கேட்டு வாங்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலை அந்தப் பக்கம்தான் தெரியும்.

மேற்கில் எந்த ஊரில் தங்குவது என்பதற்குப் பெரும்பாலோர் கியோட்டோ அல்லது ஒசாகா என்றுதான் பதில் சொல்வார்கள். கோயில்கள் வேண்டுமானால் கியோட்டோ, கடைவீதியும் சாப்பாடும் வேண்டுமானால் ஒசாகா. நாங்கள் கோபேயின் மையப்பகுதியான சன்னோமியாவைத் தேர்ந்ததற்கு முதல் காரணம், மூத்தவரின் வீடு அங்கிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருப்பது. ஆனால் வேறு வகையிலும் அது குறைந்த தேர்வன்று. ஷின்கைசொகு என்னும் விரைவு ரயிலில் ஒசாகாவுக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம், கியோட்டோவுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம், எதிர்த்திசையில் ஹிமேஜி கோட்டைக்கு நாற்பது நிமிடம். இந்த ரயிலுக்குத் தனி விரைவுக் கட்டணமும் கிடையாது. மெய்ஜி பேரரசர் காலத்திலிருந்தே (1868–1912) இந்திய வணிகர்கள் குடியேறிய துறைமுக நகரம் என்பதால், கிதனோ பகுதியில் சமணக் கோயில் ஒன்று 1985 முதல் இருக்கிறது, சன்னோமியாவைச் சுற்றிச் சைவ உணவு கிடைப்பதும் எளிது. மெரிகென் பூங்காவில், 1995 நிலநடுக்கத்தில் உடைந்து சாய்ந்த துறைமுகக் கரையின் ஒரு பகுதியை விளக்குக் கம்பங்களோடு அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அங்கே எங்கள் பிள்ளைகளைத் தாமே அழைத்துப் போக வேண்டும் என்று மூத்தவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். கியோட்டோவில் தங்கியிருந்தால் அந்த ஒரு காலைப்பொழுதை ரயில் நேரம் பார்த்து அளந்துதான் செலவிட்டிருப்போம்.

தங்குமிடம்தான் மனம் நோகாமல் முடிவெடுக்கக் கடினமாக இருந்த கேள்வி. அண்ணன் வீட்டில் தங்காமல் விடுதியில் அறை எடுப்பதா என்று அம்மா முதலில் வருத்தப்பட்டார். நம் ஊர் வழக்கத்தில் அது உறவை விலக்கி வைப்பது போன்றது. ஆனால் அந்த வீட்டை நான் அறிவேன். மூன்று அறையும் கூடமும் சேர்ந்து 70 சதுர மீட்டர் அளவிலான குடியிருப்பில் நான்கு பேர் வாழ்கிறார்கள். குளியலறை ஒன்று, கழிப்பறை ஒன்று, காலை ஏழரை மணிக்குள் அண்ணன் அலுவலகத்துக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் கிளம்ப வேண்டும். கீழ்வீட்டாருக்குக் காலடிச் சத்தம் கேட்கும் என்பதால் எட்டு வயதுப் பெண்ணை நாள் முழுவதும் மெதுவாக நட என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார், ஆனால் ஒன்பது பேருக்கு மூன்று வேளை சமைத்துக்கொண்டே இருப்பார். நாங்கள் பேசுவதற்காகப் போகிற ஆள் அடுக்களையை விட்டு வெளியே வரமாட்டார். 2011இல் ஓர் இரவு அந்த வீட்டில் எட்டுப் பேர் படுத்தோம் என்பது உண்மைதான். அது நெருக்கடியின் இரவு. விருந்தாளியாகப் போகும்போது அதே சுமையை ஆறு இரவுகளுக்கு அவர்கள் மேல் வைக்கக் கூடாது.

விடுதியிலும் சிக்கல் உண்டு. ஜப்பானிய விடுதிகளில் அறைக்கென்று அல்லாமல் தலைக்கென்றே பெரும்பாலும் கட்டணம் கணக்கிடுவார்கள், ஐந்து பேர் சேர்ந்து தங்கும் அறை அரிது, மூவர் ஓர் அறையும் இருவர் ஓர் அறையுமாகப் பிரிய வேண்டியிருக்கும். வீட்டு வாடகை முறையான மின்பகு, 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஆண்டுக்கு 180 இரவுகளுக்கு மேல் நடத்தப்படக் கூடாதது என்பதால், பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை எடுக்க வேண்டும். அடுப்பும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள குடியிருப்பு விடுதி ஒன்றை, அண்ணன் வீட்டிலிருந்து ஒரு ரயில் நிலையத் தூரத்தில் எடுப்பதே எங்களுக்குச் சரியாகப்பட்டது. நிஷி-கசாயில் நம் மளிகைச் சாமான் எல்லாம் கிடைக்கும் என்பதால் காலைச் சாப்பாட்டை நாங்களே பார்த்துக்கொள்வோம், மாலையில் அங்கே போய்விடுவோம். இதை அண்ணியிடம் என் மனைவியே தொலைபேசியில் சொன்னார். முதலில் கோபித்துக்கொண்ட அண்ணி, அம்மா மட்டும் இரண்டு இரவு தம்மோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

கோபே வீட்டின் நிலை இதற்கு நேர்மாறானது. பிள்ளைகள் வெளியேறிவிட்ட தனி வீடு, மாடியில் இரண்டு அறைகள் காலியாக இருக்கின்றன. ஜப்பானியர்கள் வெளியாரை வீட்டுக்கு அழைப்பதே குறைவு. இரவு தங்கச் சொல்வது மிகுந்த நெருக்கத்தின் அடையாளம். அதை மறுப்பது சரியன்று, முழுவதுமாக ஏற்றுக்கொள்வதும் சரியன்று. சனிக்கிழமை ஓர் இரவு மட்டும் அங்கே தங்கிவிட்டு மற்ற இரவுகளை சன்னோமியா விடுதியில் கழிப்பதாக எழுதினோம். அம்மா சுத்த சைவம் என்பதையும், மீன் துண்டு போடாவிட்டாலும் கட்சுவோபுஷி எனப்படும் உலர்ந்த மீன் சீவலில் எடுத்த தாஷி சாறு சூப்பிலும் குழம்பிலும் கலந்திருக்கும் என்பதால் அதுவும் ஆகாது என்பதையும் விளக்கமாகவே எழுதினேன். சைவம் என்று மட்டும் சொன்னால் இந்தச் சாறு பலருக்கும் நினைவுக்கு வராது. கொம்பு எனப்படும் கடற்பாசியிலும் உலர்ந்த ஷிடாக்கே காளானிலும் சாறு எடுத்துச் சமைப்பதாக அவர் மனைவி பதில் எழுதியிருக்கிறார்; அம்மா தரையில் உட்கார்ந்து எழ முடியுமா, நாற்காலி போடட்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

டோக்கியோவில் இருக்கும் மற்றப் பழைய சகாக்களை ஒரே மாலையில் இசகாயா எனப்படும் மதுவும் சிற்றுணவும் தரும் கடை ஒன்றில் சந்திக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அலுவலக நண்பர்களுக்கு அது பழகிய இடம். ஆனால் மீனும் மதுவும் நிறைந்த மேசையில் அம்மாவும் பிள்ளைகளும் மூன்று மணி நேரம் என்ன செய்வார்கள்? ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்க்க நாட்கள் இல்லை. ஆகவே ஞாயிறு மதியம் கசாய் ரின்காய் பூங்காவில், அவரவர் உணவைக் கட்டிக்கொண்டு வந்து புல்தரையில் உட்காரலாம் என்று முடிவு செய்தோம். கடலோரம், பிள்ளைகளுக்கு மீன் காட்சியகம், நிஷி-கசாயிலிருந்தும் பக்கம், யார் என்ன சாப்பிடுவார் என்ற கவலையும் இல்லை. மழை வந்தால் மட்டும் அண்ணன் குடியிருப்பின் பொதுக்கூடத்துக்கு மாறுவோம்.

விசாவையும் நண்பர் அழைப்பின் பேரில் எடுக்கலாம், சுற்றுலாப் பயணியாகவும் எடுக்கலாம். அவர் செலவுக்குப் பொறுப்பேற்பதாக இருந்தால் அழைப்புக் கடிதம், குடியிருப்புச் சான்று, வரிச் சான்று என அவரே நகர அலுவலகத்துக்கு அலைய வேண்டும். செலவு எங்களுடையது, தங்குவதும் பெரும்பாலும் விடுதியில் என்பதால், எங்கள் வங்கிக் கணக்கையும் வருமான வரிக் கணக்கையும் வைத்துச் சுற்றுலா விசாவுக்கே விண்ணப்பிக்கிறோம்; அம்மா அண்ணன் வீட்டில் இருக்கும் இரவுகளையும், கோபே வீட்டு இரவையும் பயண நிரலில் அந்தந்த முகவரியோடு குறித்திருக்கிறோம்.

அண்ணி எங்களிடம் கேட்டது ஒரே ஒரு பொருளைத்தான்: பச்சைக் கறிவேப்பிலை. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் இலை, காய், பழம் எதையும் கொண்டுபோக முடியாது என்பதால் அதை மறுக்க வேண்டியதாயிற்று. மாம்பழமும் கொண்டுபோக முடியாது. அதற்குப் பதில் அம்மா பருப்புப் பொடி இடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கோபே வீட்டுக்கு ஃபில்டர் காப்பித் தூளும் வடிகட்டியும் மட்டும்தான். அதற்கு மேல் விலையுயர்ந்ததாக எதைக் கொடுத்தாலும் திருப்பிச் செய்ய வேண்டிய கடனாக அவர்கள் அதை எண்ணுவார்கள்.

இன்னும் முடிவாகாதது ஒன்று இருக்கிறது, டோக்கியோ முதலிலா கோபே முதலிலா என்பது. அண்ணனின் இளைய மகள் வட்டாரப் பொதுப் பள்ளியில் படிக்கிறாள். அங்கே உந்தோகாய் எனப்படும் விளையாட்டு விழா மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் நடக்கும், ஏப்ரலில் ஆண்டு நிரலைக் கொடுக்கும்போதுதான் தேதி தெரியும். எங்கள் முதல் சனிக்கிழமையில் வந்தால் டோக்கியோவில் இறங்குவோம், இரண்டாவதில் வந்தால் கான்சாயில் இறங்கி டோக்கியோவில் முடிப்போம். அதுவரை காத்திருந்தால் விமானக் கட்டணம் கொஞ்சம் ஏறக்கூடும். அவள் பிறந்த செய்தியைத் தொலைபேசியில் கேட்டதோடு சரி, எங்களில் ஒருவரும் அவளை இன்னும் நேரில் பார்த்ததில்லை. ஏப்ரல்வரை சீட்டு எடுக்காமல் இருக்கிறோம்.